டிக் போட்ட வரி

"ஆறாயிரம்" என்று என் கணவர் போனில் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆறாயிரம் என்பது பணமல்ல. என்ஜின் ஒரு நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று. கூடவே எண்ணெய் அழுத்தம், தண்ணீர்ச் சூடு, டர்போ தள்ளும் காற்றின் அளவு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். தம்பியின் காரை ஓட்டிச் சோதித்துப் பார்க்கத்தான் இரண்டு பேரும் போயிருந்தார்கள். பின்னால் அவன் ஏதோ பாடிக்கொண்டிருந்தது கேட்டது. "உன் தம்பி ரொம்ப குஷியா இருக்கான். இன்னும் ரெண்டே ஓட்டம். ஏழாயிரம், அப்புறம் எட்டாயிரம். முடிச்சுட்டு வந்துடறோம்" என்றார். தம்பி குஷியாக இருந்தால் எனக்கு உடனே கவலை வந்துவிடும். அவன் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிற பழக்கம் அது.

எங்கள் பட்டறையில் என்ஜினைத் தொடுகிறவர் என் கணவர். இரும்பைக் கடைகிற லேத்தும் அவருடையதுதான், ஊரில் அவருக்குக் கடைசல்காரர் என்றே பெயர். நான் தொடுவது பென்சிலை மட்டும். காற்றைத் திணித்து என்ஜினின் சக்தியைக் கூட்டுகிற டர்போ வேலை எந்த வண்டிக்கு வந்தாலும் முதலில் என் தாளில்தான் அது உருவாகும். தாளின் தலையில் எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்று எழுதி ஒரு வட்டம் போடுவேன். கீழே அதற்கு வேண்டிய சாமான்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை. ஒரு சாமான் வந்து, வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அந்த வரியில் டிக் போடுவேன். டிக் போட்ட வரியை நாங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. முடிந்ததைக் கிளறிக்கொண்டே இருந்தால் ஒரு வண்டியும் வாசலைத் தாண்டாது. பதினொரு வருடமாக இப்படித்தான் செய்கிறோம். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தம்பி மருந்துக்கடை வைத்திருக்கிறான். வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கும் போய்வருகிற பழைய கார். அதற்குத்தான் டர்போ கேட்டான். முதலில் இருநூறு குதிரை போதும் என்றான், ஏதோ பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுக்கிற மாதிரி. அவன் கையிலிருந்த பணத்துக்குள் அடங்குகிற மாதிரி ஒரு தாள் போட்டேன். மாமனும் மச்சானும் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு மாதத்தில் இருநூறு முந்நூறானது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும் என்பார்கள்; இங்கே கட்டெறும்புதான் தின்று தின்று கழுதையானது. போன மாதம் நானூற்று இருபது என்று வந்து நின்றான். "ஒரு தடவைதானே அக்கா செய்யப்போறோம்" என்றான். நான் ரப்பரை எடுத்து வட்டத்துக்குள் இருந்த எண்ணை அழித்தேன். பிஸ்டன், கனெக்டிங் ராடு, பெட்ரோல் பம்ப், டர்போ என்று டிக் இல்லாத வரிகளையெல்லாம் மாற்றி எழுதினேன். அவன் கேட்டு நான் மாட்டேன் என்று சொன்னதேயில்லை. வேண்டாம் என்று சொல்ல அன்று வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

ஆறாயிரத்தை எழுதி முடித்த பிறகு எனக்கு வேறு வேலை இல்லை. தாளைப் புதிதாக எழுதித் தரச் சொல்லியிருந்தான் தம்பி. லேமினேஷன் போட்டுக் கடையில் மாட்டப்போகிறானாம். காய்ச்சல் மாத்திரை வாங்க வருகிறவர்கள் படித்துத் தெரிந்துகொள்வார்கள் போலும். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். பார்த்து எழுதுவதில் ஒரு தொல்லை, எல்லா வரியையும் படித்தாக வேண்டும். டிக் போட்டதையும் படிக்க வேண்டும். நான்காவது வரியில் என் கையெழுத்திலேயே இருந்தது: ஃப்ளைவீல், பழையது, கடைந்து எடை குறைத்தது. எதிரே டிக்.

தாளின் தலைக்குப் போய் வட்டத்துக்குள் இருந்த எண்ணை மறுபடி படித்தேன்.

ஃப்ளைவீல் என்பது என்ஜினுக்குப் பின்னால் சுற்றுகிற கனத்த இரும்புத் தட்டு. சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம் பெரியது. ஓட்டுகிறவரின் பாதத்துக்கு முன்னால், மெல்லிய தகரத்துக்கு அந்தப் பக்கம்தான் அது சுற்றும். எங்களிடம் வந்தது வார்ப்பிரும்பு. இருநூறு குதிரைத் தாளில், ஆறாயிரத்து ஐந்நூறுக்கு மேல் சுற்றவே போவதில்லை என்ற கணக்கில், புதியது வாங்குகிற செலவை மிச்சப்படுத்தத்தான் பழையதையே லேத்தில் ஏற்றி இரண்டு கிலோ சீவி எடுத்தார் என் கணவர். அந்த வேகத்துக்கு அது தப்பில்லை. ஆனால் நானூற்று இருபது குதிரைக்கு எட்டாயிரம் சுற்ற வேண்டும், அதற்கு எஃகில் செய்த தட்டு வேண்டும். சுற்று கால் பங்கு கூடினால் தட்டைப் பிய்க்கிற விசை ஒன்றரை மடங்காகும் என்று அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். தட்டோடு சேர்ந்திருக்கிற கிளட்ச் மட்டும் ஆரம்பத்திலேயே பெரியதாகப் போட்டுவிட்டதால், எண் மாறியபோதெல்லாம் என்ஜினின் மேல்புறமும் அடிப்புறமும்தான் பிரிந்தன. தட்டு இருக்கிற கியர்பாக்ஸ் பக்கம் யாரும் ஸ்பேனர் வைக்கவில்லை. வட்டத்துக்குள் எண் வளர்ந்துகொண்டே போனது. நான்காவது வரி டிக்கைப் போர்த்திக்கொண்டு அங்கேயே தூங்கியது.

வெடித்த தட்டு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். வேறொரு பட்டறையில் நடந்தது. பாடம் என்று சொல்லி என் கணவர்தான் கூட்டிப்போய்க் காட்டினார். காரின் தரை, டப்பா மூடியைத் திறந்த மாதிரி மேல்நோக்கிக் கிழிந்திருந்தது. ஒரு துண்டு கூரையைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. ஓட்டியவர் பிழைத்துக்கொண்டார். இப்போது இரண்டு கட்டைகள் வைத்துக்கொண்டு நடக்கிறார்.

கணவருக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தம்பிக்குச் செய்தேன், அதுவும் அடித்தது. எடுக்கமாட்டார்கள். ஓட்டம் நடக்கும்போது இரண்டு போனும் சத்தத்தை அணைத்து டாஷ்போர்டு பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டவள் நான். போன வருடம் ஓட்டத்தின் நடுவில் இவர் போனை எடுக்கப்போய், என்ஜின் அளவுகளைப் பார்க்க மடியில் வைத்திருந்த லேப்டாப் சரிந்து கியர் கம்பியில் இடித்தது. அன்று நான் போட்ட சத்தத்தில் உண்டான சட்டம் அது. சொன்ன பேச்சை எதிலுமே கேட்காத இரண்டு பேரும் இதை மட்டும் தவறாமல் கடைப்பிடித்தார்கள்.

மறுபடி அடித்தேன், மறுபடியும் அடித்தேன். அவசரத்தில் தவறுதலாக டயர்க்காரருக்குப் போய், அவர் "சொல்லுங்கம்மா" என்றதும் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். அவர்கள் ஊருக்கு வெளியே, பாதியில் கட்டி நிறுத்திய புறவழிச்சாலையில் இருந்தார்கள். பட்டறை ஸ்கூட்டரில் போனால் முக்கால் மணி நேரம். சாவியை எடுத்து வாசல் வரை போனேன். வழியில் போன் வந்து, வண்டிச் சத்தத்தில் காதில் விழாமல் போனால், பதில் இல்லையென்று அடுத்த ஓட்டத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தேன். உட்கார முடியாமல் எழுந்தேன். ஐயாயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் நடுவில் இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது என்று நோட்டு சொன்னது. ஆறாயிரம் முடிந்து இப்போது பதினெட்டு நிமிடம். அப்படியானால் ஏழாயிரத்தில் இந்த நிமிடம் தம்பியின் கால் அழுத்திக்கொண்டிருக்கலாம்.

இருபத்தைந்து ஆனது, முப்பதும் ஆனது. நான் பயந்தவள் இல்லை. பெரிய பெரிய வாடிக்கையாளர்களை முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டு அனுப்பியவள். அன்று மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழாயிரத்தோடு பெட்ரோல் தீர்ந்துபோகட்டும், டயர் பஞ்சராகட்டும், யாராவது காவலர் வந்து இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு போகட்டும் என்று என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். தம்பி செருப்பு போட்டுக்கொண்டு போனானா ஷூவா என்று யோசித்தேன். ஷூ போட்டிருந்தால் மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது? ஆனாலும் அதையே திரும்பத் திரும்ப யோசித்தேன்.

நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் போன் அடித்தது. தம்பி.

"அக்கா, ஏழாயிரம். எழுதிக்கச் சொன்னாரு மாமா."

"என்ஜின் ஓடுதா?"

"இல்ல, நிறுத்தியாச்சு. ஏன் இத்தன தடவ கூப்பிட்டிருக்க? ஏன் இப்படிப் பேசற?"

"சாவிய எடுத்துப் பையில போட்டுக்கோ. ரெண்டு பேரும் இறங்கி தள்ளிப் போய் நில்லுங்க. அத மறுபடி ஸ்டார்ட் பண்ணக் கூடாது. கேட்டுச்சா?"

கதவு திறக்கிற சத்தமும் சரளைக்கல்லில் கால் படுகிற சத்தமும் கேட்டன. அந்தக் கால் சத்தத்தைக் கேட்டதும் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தேன். நான்காவது வரியைச் சொன்னேன். "எட்டாயிரம் மட்டும் போயிருந்தீங்கன்னா..." என்று தொடங்கினேன். அந்தப் பக்கம் தம்பி சரளைக்கல்லைக் காலால் தள்ளுகிற சத்தம் வந்தது.

"டேய்."

"அக்கா, திட்டாத. எட்டாயிரமும் ஓட்டிட்டோம். நீ பயப்படுவேன்னு அத வீட்டுக்கு வந்து சொல்லிக்கலாம்னாரு மாமா. ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கோம்."

போனை என் கணவர் வாங்கினார். "பழைய தட்டா?" என்று கேட்டார்.

"நீங்க சீவினதுதான்."

மாட்டியவரும் அவர்தான், மறந்தவரும் அவர்தான். டிக் போட்டவள் நான். "ஆமா, பழசுதான்" என்றார். குரல் யாரோ வேற்று ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. "லாரிய அனுப்பு. இத இனிமே ஓட்டிட்டு வரல."

கட்டி இழுக்கிற லாரி அவர்களையும் காரையும் கொண்டுவந்து சேர்த்தபோது வெயில் தணிந்திருந்தது. தம்பி ஷூதான் போட்டிருந்தான். அவன் தோளைப் பிடித்து நாலு அடி போட்டேன், வாங்கிக்கொண்டான். என் கணவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேரே வண்டிக்கடியில் போய் கியர்பாக்ஸை இறக்கினார். அவர் அப்படி அவசரமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. தட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்துத் துடைத்தபோது அது புத்தம் புதிது மாதிரி பளபளத்தது. "பாத்தீங்களா, சும்மா பயந்தோம்" என்றான் தம்பி. முகம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதற்கென்று சிவப்பு மருந்து ஒன்று உண்டு. அதைப் பூசி, கொஞ்சம் ஊற விட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடி அடிப்பார்கள். விரிசலுக்குள் புகுந்த சிவப்பு, வெள்ளையில் கசிந்து மேலே வரும். என் கணவர் பூசினார், துடைத்தார், பொடி அடித்தார். மூன்று பேரும் குனிந்து நின்றோம். தட்டு முழுக்க வெள்ளையாக இருந்தது. ஒரு நிமிடம் ஒன்றும் வரவில்லை. இரண்டு நிமிடம் ஆகியும் வரவில்லை. தம்பி நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

"எஃகுத் தட்டு சொன்னா எத்தன நாள்ல வரும் மாமா?"

அவன் கேட்டதுதான் அன்று எல்லாவற்றையும் விட என்னைப் பயமுறுத்தியது. பதில் சொல்ல வாயெடுத்த என் கணவர் அப்படியே நின்றார். ஒரு போல்ட் துளையின் ஓரத்தில் ஊசி குத்தின அளவுக்குச் சிவப்பு தெரிந்தது. பிறகு அது ஒரு மயிரிழையாக வெளிப்பக்கம் நகர்ந்தது, எங்களுக்கு எதிரிலேயே, அவசரமில்லாமல். கடைந்து மெலிந்த இடத்தைத் தாண்டி, கியர்ப் பல் இருக்கிற விளிம்பை நோக்கிப் போய் நின்றது. என் கணவர் கோட்டின் முனைக்கும் விளிம்புக்கும் நடுவில் தன் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். விரல் கொள்ளவில்லை.