பழனிக்கு நேர்ந்த கூந்தல்

ஜெயில் ரிஜிஸ்டரில் அவள் செங்கோடன். உக்கடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அறை விழும். அங்கே அவள் மோகனப்பிரியா. சந்தையில் இடுப்பைக் கிள்ளியவனைச் செருப்பால் அடித்தாள். கிள்ளியவன் வீட்டுக்குப் போனான், அடித்தவள் மூன்று மாதம் உள்ளே வந்தாள், அதுவும் ஆண்கள் பகுதிக்கு. ஊர் நியாயம் அப்படித்தான்.

சேலையை வாங்கிக்கொண்டு அரைக்கால் சட்டை கொடுத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். முடிவெட்டும் கைதி சுப்பையன் கத்தரியோடு வந்தபோதுதான் உயிரே போயிற்று. எட்டு வருஷம் வளர்த்த கூந்தல். திருநங்கைகள் கூடி வாழும் அவர்கள் ஜமாத்தில் பெருந்தப்பு செய்தவளுக்குத்தான் கூந்தலை அறுப்பார்கள். மொட்டைத் தலையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு வாசலேறுவாள்?

"பழனிக்கு நேந்த முடிங்க சாமி," என்றாள். வாயில் வந்த பொய்.

சுப்பையன் கத்தரியைக் கீழே வைத்தான். "நேந்த முடீல நான் கை வெக்க மாட்டனுங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்க."

வார்டர் கோபாலசாமி வருஷம் தவறாமல் காவடி எடுப்பவர். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "செரி, அள்ளி முடிஞ்சுக்க. வெளிய போனதீம் மொதல்ல பழனிதான். சாமிகிட்ட வெளையாடக் கூடாது."

கூந்தல் பிழைத்தது, நிம்மதி போயிற்று. கேலியையும் சீண்டலையும் தாங்கியவளுக்கு முருகன் பேரில் சொன்ன பொய்யைத் தாங்க முடியவில்லை. அதை மெய்யாக்க ஒரே வழிதான் இருந்தது.

விடுதலையன்று சேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். கட்டிக்கொண்டு உக்கடம் போனவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, பழனி பஸ் ஏறினாள். வழியெல்லாம் கூந்தலை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே அழுதாள்.

அடிவாரத்து முடிக்கொட்டகையில் கண்ணை இறுக மூடி உட்கார்ந்தாள்.

"மொட்டைங்களா அம்மணி, பூமுடிங்களா?" என்று கேட்டார் முடி எடுக்கிறவர்.

கண்ணைத் திறந்தாள். அவர் அவளை நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்களுக்குப் பூமுடி உண்டு. மூன்று விரற்கடை நுனி போதும், முருகன் ஏற்றுக்கொள்வான். ஆண்களிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. மூன்று மாதம் செங்கோடனாக இருந்ததில் அது தனக்கும் உண்டு என்பதையே மறந்து தொலைத்திருந்தாள்.

"பூமுடிங்க," என்றாள். குரல் உடைந்துவிட்டது.

"அழுகாதீங்க அம்மணி," என்றார் அவர். "நுனிதானுங்க. வலிக்காது."