உற்றார், உறவினர், நண்பர்கள்

அம்மாவின் மரண அறிவித்தலை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஏழு பிள்ளைகளில் பிழையில்லாமல் தமிழ் எழுதுகிறவன் நான்தானாம். 'காலஞ்சென்ற இரத்தினவேலின் அன்பு மனைவியும்' என்று தொடங்கினேன். மருமக்கள் வரிசைக்கு வந்ததும் பிடித்தது சனி. தன் மனுசனின் பெயருக்கு முன்னால் 'பொறியியலாளர்' போடாவிட்டால் துரொண்ட்ஹெய்ம் நகரிலிருந்து பெரியக்கா செத்தவீட்டுக்கே வரமாட்டாவாம். கனடாவிலிருந்து வந்து இறங்கியிருந்த மாமி, தன் அண்ணனின், அதுதான் எங்கள் அப்பாவின், பெயர் தடித்த எழுத்தில் வரவேண்டும் என்று நின்றா. இன்னும் பிறக்காத பூட்டப்பிள்ளையையும் சேர்க்கச் சொன்னாள் ஒருத்தி. எல்லாரையும் சேர்த்தேன், ஸ்ரனிஸ்லாஸ் அங்கிளைத் தவிர.

அப்பா செத்த அடுத்த வருசமே அம்மா தனியாக வடநோர்வேயின் பாட்ஸ்பியோர்ட்டுக்கு, பக்டரியில் மீன் வெட்ட வந்தா. எங்கள் ஊரிலிருந்து நோர்வேக்கு முதலில் வந்தது அவதான். விதவைக்கு இவ்வளவு துணிவோ என்று ஊர் வாயைப் பிளந்தது. பிறகு எங்களை ஒவ்வொருவராய் எடுப்பித்தா. அங்கிள் அதே பக்டரியில் வேலை செய்தவர். பனிக்குள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர். அண்ணைக்குக் கணக்கு, அக்காவுக்குச் சைக்கிள், எல்லாம் அவர்தான். நாங்கள் ஒஸ்லோவுக்கு வந்தபோது அவரும் வந்தார். ஆனால் வீடு எடுத்தது பக்கத்து நகரமான திராமனில். ஊர் வாய்க்குப் பயம். ஞாயிறுகளில் சேர்ச்சில் பூசை முடிந்து வருவார், அம்மாவின் கையால் சோறு தின்பார், கடைசி ரெயிலுக்குப் போய்விடுவார்.

"அங்கிளை எங்கை போடுறது?" என்று அருட்செல்வம் அண்ணையைக் கேட்டேன்.

"என்ன முறையெண்டு போடுவாய்? மாமி வேறை வந்து நிக்கிறா. சனம் சிரிக்கும், விடு."

விட்டேன். பழியை அண்ணைமேல் போட எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. 'உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்' என்று வழக்கம்போல முடித்தேன். படம் மட்டும் அங்கிள் எடுத்தது. அம்மா சிரிக்கிற படம் வேறு யாரிடமும் இல்லை.

அறிவித்தல் இணையத்தில் வந்து கொஞ்ச நேரத்தில் அங்கிளின் அழைப்பு வந்தது.

"தம்பி, பாத்தனான். வடிவாய் எழுதியிருக்கிறாய். ஒருத்தரையும் விடேல்லை."

குத்திக்காட்டுகிறாரோ என்று குரலைக் கூர்ந்து கேட்டேன். இல்லை, மனுசன் மெய்யாகத்தான் சொன்னார். குத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒண்டு கேக்கலாமே? வாய்க்கரிசி போட நண்பர்களையும் விடுவினமோ? நான் வேதக்காரன், உங்கட முறை தெரியாது."

"வாங்கோ அங்கிள்," என்றேன். முன்னுக்கு எங்களோடை வந்து இருங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமி குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தா.

"ஆரடா போனிலை?"

போனைக் கையால் பொத்தினேன். "அது திராமனிலை இருந்து, மாமி. அம்மாவோடை வேலை செய்த ஆரோ ஒராள்."

பொத்தியது காணாது போல, அவருக்குக் கேட்டுவிட்டது. போனைத் திரும்பக் காதில் வைத்தேன். "சரி தம்பி, நான் பின்னுக்கு நிக்கிறன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

மேசையில் கணினி திறந்தபடி கிடந்தது. எங்கள் எல்லாருடைய பெயர்களுக்கும் மேலே அம்மா கம்பளித் தொப்பியோடு, படம் எடுத்தவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தா.