எழுபது செகண்டு

சேவியர் மறுபடியும் மஞ்சள் கோட்டைத் தாண்டிவிட்டான். காலை ஷிப்டு தொடங்கி ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் மூன்றாவது தடவை. காருக்கு வலப்பக்கம் நின்ற ஜம்புலிங்கம் தன் கதவின் கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு நிமிர்ந்தார். கண்ணாடி போடாத ஜன்னல் ஓட்டைகள் வழியாக, அந்தப் பக்கம் சேவியரின் வழுக்கைத் தலை காரோடு சேர்ந்து நகர்ந்து போவது தெரிந்தது. கதவை ஒரு தோளால் தாங்கிக்கொண்டு, மடங்காத இரண்டு விரல்களால் போல்ட்டைத் துளையில் ஏற்றப் பார்த்தபடி, அடுத்த ஆளின் இடத்துக்குள் நடந்துகொண்டிருந்தான். அங்கே சீட் பெல்ட் மாட்டுகிற மராத்திக்காரன் ஏதோ முணுமுணுத்தான். ஜம்பு திட்டுவதற்கு வாயைத் திறந்தார். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அதற்குள் அவருடைய கோட்டுக்குள் அடுத்த கார் மூக்கை நீட்டிவிட்டது.

போசரியில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் காரை இழுத்துக்கொண்டு போகிற சங்கிலி வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் காரைச் சக்கர வண்டியில் வைத்துத் தள்ளுவார்கள். ஒருத்தன் "ஹோ கயா?", முடிந்ததா என்று கத்துவான், எல்லாரும் முடித்தபிறகு எல்லாரும் சேர்ந்து தள்ளுவார்கள். யாராவது பீடி பிடிக்கப் போயிருந்தால் காரும் அவனுக்காக நிற்கும். தொண்ணூற்றெட்டில் புது மாடல் வந்தது, தரையைக் கொத்திச் சங்கிலியைப் பதித்தார்கள், தலைக்கு இரண்டு மஞ்சள் கோடு போட்டார்கள். முதல் கோட்டுக்குள் கார் வந்ததும் ஆரம்பிக்க வேண்டும், இரண்டாவது கோட்டைத் தாண்டுவதற்குள் முடிக்க வேண்டும். முடித்தாலும் முடிக்காவிட்டாலும் கார் போய்க்கொண்டே இருக்கும். முதலில் நூற்றுப் பத்து செகண்டு இருந்தது. இப்போது எழுபது. அந்த எழுபது ஜம்புவால் வந்தது.

அதனால்தான் ஒன்பது நாளாக அவரோடு யாரும் பேசவில்லை. கேண்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிவிடுகிறது. யூனியன்காரன் ஷிண்டே மட்டும் ஒரு நாள் பக்கத்தில் வந்து, "க்யா காகா, கடீ தேக்கே பாகே க்யா?" என்று, கடியாரத்தைக் கண்டதும் ஓட்டம் பிடித்துவிட்டீர்களா என்று கேட்டு, சுற்றி இருந்தவர்களைச் சிரிக்க வைத்துவிட்டுப் போனான். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஏரவாடாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் இருபது வருஷமாகப் பக்கத்து சீட்டில் வருகிற சேவியர், இப்போது பின்னால் போய் நின்றுகொண்டே வருகிறான். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒரு வேலைக்கு எத்தனை செகண்டு ஆகிறது என்று அளக்கிற கடியாரக்காரன் லைனுக்கு வந்தால் எல்லாருக்கும் ஒரு வியாதி வரும். போல்ட்டு கை நழுவும், உருண்டு காருக்கு அடியில் போகும், குனிந்து தேட வேண்டியிருக்கும். போல்ட்டை இறுக்குகிற ஏர்கன்னின் குழாய் முறுக்கிக்கொள்ளும். ஒருத்தனுக்குக் கண்ணில் தூசு விழும், இன்னொருத்தனுக்கு முதுகு பிடிக்கும். இதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அளக்கிறவனுக்கும் தெரியும், அவன் எழுதியதில் கால்வாசியை வெட்டித்தான் மேலே அனுப்புவான். வெட்டுவான் என்று தெரிந்து இவர்கள் கூட்டுவார்கள். இப்படி இரண்டு பக்கமும் மரியாதையாக ஏமாற்றிக்கொண்டு காலம் ஓடிக்கொண்டிருந்தது.

ஜம்பு அந்த வியாதியில் தேர்ந்தவர். ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவர், யாரையும் நம்பாதவர். ஆற்காட்டில் அண்ணன் நீட்டிய பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டு வீட்டுப் பங்கை விட்டதிலிருந்து, டாக்டர் சீட்டைக்கூட இரண்டு பேரிடம் காட்டாமல் மாத்திரை வாங்கமாட்டார். கம்பெனி நோட்டீஸ் எதுவானாலும் சேவியர் படித்துச் சொல்ல வேண்டும். கட்கி மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவன் அவன், இங்கிலீஷ் படிக்கும்போது உதடு அசையும். அவன் "போடு" என்றால்தான் ஜம்பு பேனாவைத் தொடுவார்.

அப்படிப்பட்டவரைத்தான் அச்சுதன் வீழ்த்தினான். புதிதாக வந்த கடியாரக்காரன், கோயமுத்தூர்க்காரன், இருபத்தாறு வயது, சட்டைப் பையில் கடியாரம். முதல் நாள் அவன் கடியாரத்தை வெளியே எடுக்கவே இல்லை. "ஏனுங்ண்ணா, டீ குடிச்சாச்சுங்களா? எந்தூருங்ண்ணா நீங்க?" என்று கேட்டான். அந்த லைனில் ஒரு ஆபீசர் வாயிலிருந்து ஜம்பு தமிழ் கேட்டதே இல்லை. அண்ணா என்று கேட்டதும் இல்லை. டிரெயினிங் ரூமுக்குக் கூட்டிப்போய்ச் சுவரில் மாட்டியிருந்த பழைய போட்டோவைக் காட்டினான். தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள், அவர்களுக்கு நடுவே எலும்புக்கூடு மாதிரி கார்கள்.

"ஃபோர்டுன்னு ஒரு மொதலாளிங்ண்ணா. எண்பத்தஞ்சு வருசத்துக்கு முந்தி. அதுக்கு மின்ன காரு ஒரே எடத்துல நிக்கும், ஆளுக சுத்திச் சுத்தி ஓடுவாங்க. அவரு காரை நகர உட்டு, ஆளை நிக்க வெச்சாரு. பன்னண்டரை மணி நேர வேலை ஒன்றரை மணி நேரமாப் போச்சு. அன்னைக்கு அவரு போட்ட தடத்துலதான் இன்னைக்கு ஒலகத்துல அத்தனை காரும் வருது."

"அந்த ரோசனை அவனுக்கு எங்கேர்ந்து வந்துச்சாம்?"

"மாட்டுக்கறிக் கம்பெனியப் பாத்துன்னு சொல்றாங்க. அறுத்த மாடு கொக்கியில நகந்துட்டே வரும், நிக்கறவன் ஆளுக்கொரு துண்டு வெட்டுவான். அதையே திருப்பிப் போட்டுட்டாங்க."

"அப்போ மாடு யாரு, நாங்களா?"

அச்சுதன் விழுந்து விழுந்து சிரித்தான். தான் சொன்னதற்கு ஒரு படித்தவன் சிரித்தது ஜம்புவுக்குப் பிடித்துப்போயிற்று. அந்தச் சிரிப்பு அடங்குமுன் அவன் சொன்னான்: "அம்பது தாண்டுனவங்க இந்தச் சங்கிலிக்குத் தாக்குப்புடிக்க மாட்டாங்கன்னு மேல ஒரு பேச்சு இருக்குதுங்ண்ணா. நான் நம்பலை. நாளைக்கு அஞ்சு காருக்குச் செஞ்சு காட்டுங்க, பாக்கலாம்."

ஜம்புவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று. மறுநாள் காலை டீ வேளையில், எல்லாரும் டம்ளரோடு நின்றபோது, அவர் மட்டும் போல்ட்டுப் பெட்டியின் முன்னால் குந்தினார். போல்ட்டு ஒரு பெட்டியில் வரும், அதில் கோக்கிற வாசர் வளையம் வேறு பெட்டியில் வரும். ஒவ்வொன்றாகக் கோத்துத்தான் மாட்ட வேண்டும், கதவுக்கு நான்கு. இருபது போல்ட்டுகளில் முன்கூட்டியே வாசரைக் கோத்து கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கை பழக்கத்துக்கு என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு அஞ்சு கார், அஞ்சு கதவு. காற்று மாதிரி. அச்சுதன் கடியாரத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்ண்ணா, எழுபது!" என்றான். ஜம்பு நெற்றி வியர்வையைக்கூடத் துடைக்கவில்லை, துடைத்தால் எழுபத்தொன்றாகிவிடும் என்று. லைனிலேயே தாமதமான இடம் கதவு மாட்டுகிற இடம்தான். அதை வைத்துத்தான் சங்கிலியின் வேகம். அடுத்த திங்கட்கிழமை காலை சங்கிலி வேறு மாதிரிச் சத்தம் போட்டது.

இனி ஒரு ஷிப்டில் பத்துத் தடவைக்கு மேல் கோடு தாண்டுகிறவன் பெயர் லிஸ்ட்டில் ஏறும். சனிக்கிழமை முதல் லிஸ்ட். பெயர் ஏறினால் கூப்பிட்டு, வீட்டுக்குப் போய்விடு என்று காகிதத்தை நீட்டுவார்கள், விருப்ப ஓய்வு என்று அதற்குப் பெயர். விருப்பம் யாருடையது என்று அதில் எழுதியிருக்காது. எண்பத்தாறில் பிரஸ் மெஷினில் சேவியரின் விரல் இரண்டும் நசுங்கி மடங்காமல் போனபோது, ஊமை மாதிரி நின்ற கம்பெனியோடு சண்டை போட்டு அவனைத் தன் எதிர்ப்பக்கக் கதவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது ஜம்புதான். இப்போது அவனை அங்கிருந்து கிளப்பப்போவதும் ஜம்புதான்.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டை விட்டுவிட்டு அச்சுதனின் கண்ணாடி அறைக்குப் போனார். உட்காரச் சொன்னான், உட்காரவில்லை.

"தம்பி, அந்த எழுபத அழிச்சிடு."

"அழிக்கறதுக்கு அது சிலேட்டுல எழுதலைங்ண்ணா. மேல வரைக்கும் போயிருச்சு."

"அது பொய்க் கணக்கு." வாசர் சமாசாரத்தைச் சொன்னார். சொல்லும்போது தன் குரல் இவ்வளவு சின்னதா என்று அவருக்கே எரிச்சலாக வந்தது.

அச்சுதன் பேனாவை மூடினான். "அன்னைக்கே சொல்லிருக்கலாமல்லங்ண்ணா?"

"அன்னைக்கு நீ அண்ணா அண்ணான்னு கூப்ட்டுக்கினு இருந்த. சொல்ல வாய் வர்ல." பிறகு கேட்டார்: "ஆமா, அந்த அமெரிக்காக்காரன் சங்கிலி போட்டானே, அவன் ஆளுங்க இன்னா பண்ணாங்க? சும்மாவா இருந்தாங்க?"

"வேலைய உட்டுட்டுப் போயிட்டே இருந்தாங்களாம். எடுத்த ஆளு நிக்கவே இல்லையாம். அப்பறம் சம்பளத்த ரெண்டு மடங்குக்கு மேல ஏத்தி, ஒம்பது மணி நேரத்த எட்டாக்குனாரு. நின்னாங்க."

"இந்தப் பாதிய நீ போட்டோ காட்டறப்போ சொல்லல."

அச்சுதன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். கொஞ்ச நேரம் தட்டினான். மெஷினிலிருந்து ஒரு காகிதம் வந்தது. "மறுக்கா அளக்கணும்னா ஒரு காரணம் வேணுமுங்க. அன்னைக்கு அளந்தது சரியில்லைன்னு நீங்களே எழுதிக் குடுக்கற மாதிரி அடிச்சிருக்கறேன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுங்க. லிஸ்ட்டு போறதுக்கு மின்ன அளந்தறேன்."

ஜம்பு காகிதத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நான் மூணு வார்த்த சொன்னேன். இதுல ஒம்போது வரி கீது."

"ஆபீஸ் இங்கிலீசு அப்படித்தானுங்ண்ணா."

"எனக்கு இன்னா ஆவும்?"

"ஒரு மெமோ வரலாம். அதுக்கு மேல வராதுன்னு நெனைக்கறேனுங்க."

நெனைக்கறேன். அந்த ஒரு சொல்லைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டுதான் ஜம்பு வீட்டுக்குப் போனார். அவருடைய மனைவி ராஜி காகிதத்தை வாங்கி, இட்லித் தட்டின் ஈரம் படாத மாதிரி இரண்டு விரலால் பிடித்து, மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

"இருவத்தாறு வருசத்துல உன் கதவு ஒண்ணுகூடத் திரும்பி வர்லன்னு பீத்திக்குவியே. இப்போ நீயே பொய்க்காரன்னு எழுதிக் குடுக்கணுமா? யாருகிட்டயாச்சும் படிக்கச் சொல்லு மொதல்ல."

"யாருகிட்ட? படிக்கிறவன் பேசமாட்டேங்கறான்."

"அவன் பேசலன்னா நீ பேசு. வாயில இன்னா கொழுக்கட்டையா?"

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் பேசவில்லை. டீ வேளையிலும் பேசவில்லை, சேவியர் கக்கூஸ் பக்கம் போய்விட்டான். பதினொன்றரை ஆயிற்று. கோட்டைத் தாண்டிய கணக்கு சேவியருக்கு எட்டில் நின்றது. சூப்பர்வைசர் கையில் அட்டையோடு அந்தப் பக்கமே நின்றான். அடுத்த கார் வந்தது. ஜம்பு கதவைத் தூக்கி மாட்டினார். இத்தனை நாளும் கார் வருமுன் ஓரிரண்டை முன்கூட்டியே கோத்து வைத்துச் சமாளித்தவர், இன்று கோத்து வைக்கவில்லை. ஒரு போல்ட்டை எடுத்தார், மற்ற பெட்டியிலிருந்து ஒரு வாசரை எடுத்துக் கோத்தார், முறுக்கினார். அடுத்தது. எல்லாவற்றையும் எப்படிச் செய்ய வேண்டுமோ அப்படி. மூன்றாவது போல்ட்டுக்குக் கார் கோட்டைத் தாண்டிவிட்டது. அவரும் தாண்டினார். கோடு போட்ட நாளிலிருந்து முதல் தடவை.

ஜன்னல் ஓட்டைக்கு அந்தப் பக்கம் சேவியரும் தன் கதவோடு நடந்துகொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரே காரின் இரண்டு பக்கம், சவ ஊர்வலத்தில் போகிற மாதிரி, ஒரே வேகத்தில். ஜம்பு பையிலிருந்து காகிதத்தை எடுத்து, ஸ்டீயரிங் இல்லாத காருக்குள் கையை நீட்டினார்.

"படிச்சுச் சொல்லு."

சேவியர் காகிதத்தைப் பார்த்தான், ஜம்புவைப் பார்த்தான். "லைன்ல நடந்துக்கினு இன்னா காகிதம்?"

"உன் வேலைக்குத்தான்டா. படி."

சேவியர் கதவைத் தோளில் சாய்த்துக்கொண்டு காகிதத்தை வாங்கினான். உதடு அசைந்தது. சீட் பெல்ட்காரன் கையைத் தூக்கிக் கத்தினான். சூப்பர்வைசர் விசிலை வாயில் வைத்தான். ஜம்புவுக்கு எதுவும் காதில் விழவில்லை, அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நடந்தார். இவன் ஒரு பொய் சொன்னால் போதும். "சரியாத்தான் கீது, போடு" என்றால் போதும், இவன் வேலை தப்பும். தனக்குத் தெரியவே போவதில்லை.

"வாசர் கதையே இதுல இல்லடா," என்றான் சேவியர். "வேணும்னே கம்பெனிய ஏமாத்தினேன்னு போட்டுகீது. இன்னா நடவடிக்கை எடுத்தாலும் ஒத்துக்கறேன்னு கடைசி வரி. போடாத."

"போட்டா மறுபடி அளப்பானா?"

"அத்தப் பத்தி ஒரு எழுத்து இல்ல."

"வாயால சொன்னான்."

"வாயாலயா?" சேவியருக்கு இத்தனை நாளுக்குப் பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "நீயாடா இதச் சொல்ற?"

விசில் கேட்டது. கார் இரண்டாவது ஆளின் கோட்டையும் தாண்டியது. தூரத்தில் கண்ணாடி அறைக்குள் அச்சுதன் எழுந்து நின்றது தெரிந்தது. ஒரு கை கடியாரம் இருக்கிற சட்டைப் பைக்குப் போயிருந்தது.

"பேனாவக் குடு, போடறேன்," என்றார் ஜம்பு.

சேவியர் கொடுக்கவில்லை. பேனா அவன் பையில் நீலத் தொப்பியோடு தெரிந்துகொண்டே இருந்தது. ஜம்புவின் கை, காரின் வெற்று வயிற்றுக்குள் நீண்டபடி, உள்ளங்கை மேலே பார்க்க, காரோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. கீழே தரைக்குள் சங்கிலி கடகடத்தது.