வீட்டில் எத்தனை பேர்

"வீட்ல மொத்தம் எத்தனை பேர் சார்?" என்று விற்பனைப் பெண் கேட்டாள். கார்க் கடையில் யாரிடமும் கேட்கிற சாதாரணக் கேள்விதான். "மூணு பேர்" என்று அவன் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது. பக்கத்தில் அந்தச் சின்ன காரின் இருக்கைத் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த மனைவியின் கை அப்படியே நின்றது. அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

விற்பனைப் பெண் முகம் மலர்ந்து, மூன்று பேருக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி என்றாள். பின்கதவைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே ஒரு பயணப் பெட்டியும் ஒரு காய்கறிக் கூடையும் வைக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. மனைவி அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். லென்ஸைச் சட்டத்துக்குத் தகுந்தபடி அறுத்துப் பொருத்துவது அவன் கைவேலை. இம்மி விலகினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வரும் என்பதால் எதையும் இரண்டு முறை அளந்துதான் வெட்டுவான். வாயிலிருந்து வருவதை மட்டும் அளக்கத் தவறிவிட்டான்.

அவனும் மனைவியும் மகளும் போக, விட்டுப்போன நான்காவது ஆள் அவன் அக்கா. வேலைக்குப் போகிற வழியில் லாரி இடித்து, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் போனவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மருத்துவமனையில் அவள் கட்டிலருகே நின்று, "என் வீட்டுக்கு வந்துரு, அவ்வளவுதான் பேச்சு" என்று சொன்னது அவன்தான். சொந்தக்காரர்கள் எல்லோரும் தம்பியென்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மெச்சினார்கள். அந்த மெச்சுதலை அவன் வேண்டாமென்று சொல்லவில்லை. பல வருடங்கள் அதில் குளிர்காய்ந்திருக்கிறான்.

அந்த வேகத்தில் வாங்கியதுதான் இப்போதிருக்கும் வண்டி. உயரம், நிறம், தீனி மூன்றுக்கும் சேர்த்து மகள் அதற்கு யானை என்று பேர் வைத்தாள். பின்பக்கம் திறந்தால் ஒரு சறுக்குப் பலகை இறங்கும். சக்கர நாற்காலியோடு அக்காவை உள்ளே தள்ளி, பட்டையால் பூட்டிவிடலாம். பழைய வண்டி. டீசலைக் குடித்துத் தள்ளியது. மாதம் தவறாமல் ஏதாவது ஒன்று கழன்றது. பழுது பார்க்கிறவர் போன தடவை சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது பெருமூச்சு விட்டார். கடைக்கு எதிரிலேயே பெரிய கண்ணாடிக் கம்பெனி ஒன்று கிளை திறந்ததிலிருந்து அவன் வியாபாரமும் படுத்துக் கிடந்தது. வண்டியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில் பொய் ஒன்றும் இல்லை.

வீடு திரும்பும் வழியில் மனைவி கார்க் கடைச் சிற்றேட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "அண்ணிய எங்க விட்டீங்க?" என்றாள்.

"அவ கார் சைஸுக்காகத்தானே கேட்டா. அக்கா வெளிய போறதே எப்பவாவதுதான். பிசியோ வீட்டுக்கே வர்றாரு. வேணும்னா வாடகை வண்டி கூப்பிட்டுக்கலாம்."

"நான் காரப் பத்திக் கேக்கல."

அவன் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தான்.

"அவங்ககிட்ட முதல்ல சொல்லிடுங்க" என்றாள் அவள். "அப்புறம் எல்லாரும் வந்தவதான் பண்ணான்னு என்னைத்தான் சொல்வாங்க."

"சொல்றேன்" என்றான். சொல்லவில்லை. வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே புகார் அழைப்புகளுக்குப் பதில் சொல்வது அக்காவின் வேலை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, எதிர்முனையில் யார் எவ்வளவு கத்தினாலும், "உங்க சிரமம் புரியுதுங்க சார்" என்று வெண்ணெய் தடவின குரலில் பேசுவாள். அவன் பல முறை அவள் அறை வாசல் வரை போனான். பேசிக்கொண்டிருப்பாள். கையை உயர்த்தி, கொஞ்சம் இரு என்பாள். அப்பாடா என்று திரும்பி வந்துவிடுவான். அவள் பேசாமல் சும்மா இருந்த நேரங்களில் அவன் அந்தப் பக்கமே போகவில்லை. மனைவி சொன்னதையும் நினைத்துப் பார்த்தான். பழி அவள் தலையில் விழும் என்பது அவனுக்கு முன்பே தெரியும். தெரிந்து, அதை மனதின் ஒரு மூலையில் சௌகரியமாகப் போட்டு வைத்திருந்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை விற்பனைப் பெண் காரை வீட்டுக்கே ஓட்டி வந்துவிட்டாள். ஓட்டிப் பார்க்கக் கடைக்கு வருவதாகத்தான் அவன் சொல்லியிருந்தான். நல்லது செய்வதாக நினைத்து அவளே புறப்பட்டு வந்திருந்தாள். மகள் நீச்சல் பயிற்சிக்குப் போயிருந்தாள். ஹாரன் சத்தம் கேட்டு அவனும் மனைவியும் வெளியே வருவதற்குள், அக்கா நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வாசல் கேட்டுக்கு வந்துவிட்டாள்.

விற்பனைப் பெண் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு காரின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"மேடமும் இங்கதான் இருக்காங்களா சார்? நீங்க மூணு பேர்னு சொன்னதால இந்த மாடலக் காட்டினேன். இதுல வீல்சேர் போகாதே. முதல்லயே சொல்லியிருந்தா வேற காட்டியிருப்பேன்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. உதவ நினைக்கிற குரல். அவன் காரின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான். புது டயரில் ரப்பர் மயிர்கள் குத்திட்டு நின்றன. மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அக்கா சிரித்தாள். புகார் அழைப்புகளுக்கு வைத்திருக்கும் அந்தக் குரலில் பேசினாள்.

"இல்லம்மா. நான் விருந்தாளி. வந்திருக்கேன். சார் சரியாத்தான் சொல்லியிருக்காரு."

டேய் என்றும் எருமை என்றும் கூப்பிட்ட வாயிலிருந்து சார் என்று வந்தது. கன்னத்தில் அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டு நின்றிருப்பான்.

"அப்படியா மேடம். எத்தனை நாள் இருப்பீங்க?" என்று அந்தப் பெண் பேச்சுக்குக் கேட்டாள்.

"அது இவங்க சௌகரியத்தப் பொறுத்தது."

"அண்ணி" என்றாள் மனைவி.

அக்கா அவள் கையைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அவன் பக்கம் திரும்பினாள். இப்போது குரல் பழையபடி இருந்தது. "என்னடா நிக்கிற? ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போ. நானும் பாக்கறேன்."

தூக்கத்தான் வேண்டியிருந்தது. குனிந்து, முழங்காலுக்கு அடியில் ஒரு கையும் முதுகுக்குப் பின்னால் ஒரு கையும் கொடுத்தான். அவள் அவன் கழுத்தைச் சுற்றிக் கை போட்டாள். சறுக்குப் பலகை வந்த நாளிலிருந்து அவளைத் தூக்குகிற தேவையே இருந்ததில்லை, தொடுகிற தேவையும்தான். அவன் நினைத்திருந்ததைவிட அவள் கனம் குறைவாக இருந்தாள். காதோரம் நரை ஏறியிருந்தது. ஒரே வீட்டில் இருந்தும் அதை இத்தனை பக்கத்தில் பார்க்கவில்லை. முன் இருக்கையில் உட்கார வைத்தான். அவள் தன் கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். விற்பனைப் பெண் பின்னால் ஏறினாள். காலி நாற்காலியைப் பிடித்தபடி நின்ற மனைவி, "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றாள்.

தெருமுனை திரும்பிப் பெரிய சாலைக்கு வந்தார்கள். விற்பனைப் பெண் பின்னாலிருந்து மைலேஜைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். அக்கா கேட்டதாகத் தெரியவில்லை. முன்கண்ணாடி வழியே சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கடைப் பலகையையும் வாய்விட்டுப் படித்தாள்.

"இந்தச் செருப்புக் கடை எப்படா பேங்க் ஆச்சு?"

"அது ஆகி ரொம்ப நாள் ஆச்சுக்கா."

"எனக்கெப்படித் தெரியும்? யானைல பின்னாடி உக்காந்தா மொட்டை மாடியும் வானமும்தான் தெரியும். முன்னாடி பாத்தா உன் மண்டை. உனக்குச் சொட்டை விழுந்தத உன் பொண்டாட்டிக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன். பாவம்னு சொல்லல."

விற்பனைப் பெண் களுக்கென்று சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று தெரியாமல் அடக்கிக்கொண்டாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் அவளைப் பின்னால் ஏற்றி, பட்டையால் பூட்டி, இறக்கியிருக்கிறான். பத்திரமாகத்தான் இறக்கியிருக்கிறான். அலமாரியைக்கூட அப்படித்தான் இறக்குவார்கள். யானையை வாங்கியதையும் பெருமையாக நினைத்திருந்தான். இப்போது அந்தப் பெருமையிலும் கையை வைக்க முடியவில்லை, சுட்டது.

"அக்கா, அன்னிக்கு அந்தக் கடையில நான்..."

"சிக்னல் விழுந்துருச்சு பாரு."

பிரேக்கை மிதித்தான். பக்கத்தில் வந்து நின்ற பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி அக்காவைப் பார்த்தாள். சும்மா, காரில் போகிற யாரையும் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

"யானைய என்ன பண்ணப் போற?" என்றாள்.

"தெரியலக்கா. நீ சொல்லு."

"இதுல போற வழியெல்லாம் தெரியுது. போற எடத்துல எறங்க முடியாது. அதுல எறங்கலாம், வழி தெரியாது." இருக்கைப் பட்டையைச் சரிசெய்துகொண்டாள். "நீ கேட்டிருந்தாலும் எனக்கு என்ன சொல்றதுன்னு தெரிஞ்சிருக்காதுடா. ஆனா கேட்டிருக்கலாம்."

பின்னாலிருந்து பேச்சு நின்றுபோயிருந்தது. விளக்கு பச்சைக்கு மாறியும், பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் அவன் நகர்ந்தான். கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு வருமாறு அக்கா சொன்னாள். சுற்றினான். பூங்கா பக்கமாகப் போகச் சொன்னாள். போனான். விற்பனைப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

திரும்பித் தெருவுக்குள் நுழைந்தபோது தூரத்திலேயே வாசல் தெரிந்தது. மனைவி அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இவர்களைப் பார்க்கவில்லை. கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன மேடு உண்டு. அதன்மேல் நாற்காலியை ஏற்ற முயன்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து முன்னால் வளைந்து தள்ளினாள். நாற்காலி பாதி ஏறி, நின்று, பின்னால் உருண்டு வந்தது. கால்களைக் கீழே ஊன்றப் போனவள், ஊன்றாமல் திரும்பவும் நாற்காலியின் கால் பலகைமேலேயே வைத்துக்கொண்டாள்.

"சார், வீடு வந்துருச்சு" என்றாள் விற்பனைப் பெண் மெதுவாக.

அவன் காரைத் தெரு நடுவிலேயே நிறுத்தியிருந்தான். அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி உள்ளங்கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சக்கரங்களை மறுபடி இறுக்கிப் பிடித்தாள்.