ஐம்பத்திரண்டு தவறு, ஐம்பத்து மூன்று சரி

0.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதைக்குக் காரணம் நான் செய்த ஒரு பிழை. எழுதியாவது சரிக்கட்டிவிடலாம் என்று பார்க்கிறேன். நடக்காது என்றும் தெரிகிறது. (பூஜ்யத்திலிருந்து எண்ணுவது எங்கள் தொழில் பழக்கம். நினைவிருக்கட்டும். பிறகு என்னைத் திட்ட உதவும்.)

1.

தொடக்கம் ஒன்று: சியோல் நகரின் கூரோ பகுதியில் நவம்பர் மழை பெய்துகொண்டிருந்த ஒரு...

வேண்டாம். அன்று மழை பெய்ததா என்று நான் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை.

தொடக்கம் இரண்டு: எங்கள் நிறுவனம் இணையத்தில் கணினிப் பாடம் நடத்துகிறது. மூன்று வருடமாக வெறும் வீடியோதான். அதை ஓடவிட்டுவிட்டு ஆட்கள் தூங்கிவிடுகிறார்கள் என்று தெரிந்ததும், பாடத்துக்கு நடுவே பயிற்சிகளைச் சேர்க்கச் சொன்னார்கள். வீடியோவுக்குக் கீழே ஒரு பெட்டி. அதில் நிரல் எழுதிப் பொத்தானை அழுத்தினால், நான் ஒளித்துவைத்த விடையோடு இயந்திரம் ஒப்பிட்டுப் பார்த்து, பச்சையில் 'சரி' அல்லது சிவப்பில் 'தவறு' என்று சொல்லும். பச்சை விழாமல் அடுத்த பாடம் திறக்காது. மூன்று வாரத்தில் நூற்றிருபது பயிற்சி எழுதினேன். ஐம்பதுக்கு மேல் என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாது. அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு.

இந்தத் தொடக்கமே இருக்கட்டும். மூன்றாவது ஒன்று யோசிக்கத் தெம்பில்லை.

2.

எழுபத்தேழாம் பயிற்சி: பிறந்த ஆண்டும் (1971) நடப்பு ஆண்டும் (2023) தரப்படும். இந்த ஆண்டின் பிறந்தநாள் கடந்துவிட்டது. வயது என்ன?

வெள்ளிக்கிழமை காலை பதிவுகளைப் பார்த்தேன். ஒரே ஆள் அதில் அறுபத்தொரு முறை சிவப்பு வாங்கியிருந்தார். பெயர் தோ மன்ஷிக்.

நிரலில் # போட்டு எழுதும் வரியை இயந்திரம் படிக்காது. மனிதர்கள் தங்களுக்குள் குறிப்பெழுதிக்கொள்ளும் இடம் அது. இவர் அங்கே இயந்திரத்தோடு பேசிக்கொண்டிருந்தார்.

# 2023லேருந்து 1971 போனா 52. நானும் 71ல பொறந்தவன்தான். இதுல எங்கங்க தப்பு?

# பேப்பர்ல போட்டுப் பாத்தேன். 52தான்.

# செருப்புக் கம்பெனி ஆபீஸ்ல இருபத்தாறு வருஷம் கணக்குப் பாத்தவன் நான். வயசாச்சுன்னு அனுப்பிட்டாங்க. கழிக்கக்கூடத் தெரியலேன்னு யாரும் சொன்னதில்ல.

# இன்னைக்கு ஆறு மணிக்குள்ள முடிக்கலேன்னா சர்ட்டிஃபிகேட் இல்ல. அது இல்லேன்னா திங்கக்கிழமை கிடங்கு வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க.

(இந்த இடத்தில் அவருக்கு ஒரு மனைவியை எழுதினேன். அடுக்களையில் மந்தூ கொழுக்கட்டை மடித்துக்கொண்டு, கதவிடுக்கு வழியாகக் கவலையோடு... அடித்துவிட்டேன். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இந்த வரிகள்தான்.)

ஒளித்துவைத்த விடையைத் திறந்தேன். 53 என்றிருந்தது.

3.

என் கை தானாக ஒன்றைக் கூட்டியிருக்கிறது. கொரிய வழக்கப்படி பிறந்த அன்றே ஒரு வயது, பிறகு புத்தாண்டுக்குப் புத்தாண்டு ஒன்று என்று எண்ணி வளர்ந்த கை. ஜூனில் சட்டம் மாறி, அந்தக் கணக்கு ஒழிந்து, நாடே ஓரிரு வயது இளமையானது* என் கைக்கு மட்டும் தெரியவில்லை. நாளெல்லாம் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறவள், ஆளை மட்டும் ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறேன்.

* அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினோம். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

நாலாயிரம் பேர் அந்தப் பயிற்சியைத் தாண்டியிருந்தார்கள். சிலர் என்னைப் போலப் பழக்கதோஷத்தில் ஒன்றைக் கூட்டியவர்கள். மற்றவர்கள் ஒரு சிவப்பு விழுந்ததும் ஒன்றைக் கூட்டிவிட்டு நடையைக் கட்டியவர்கள். இவர் ஒருவர்தான் சரியான விடையோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

விடையை மாற்றக் குழுத் தலைவர் பியோவின் அனுமதி வேண்டும். சாப்பாட்டு நேரத்தில்தான் ஆள் கிடைத்தார். கிம்பாப்பை மென்றுகொண்டே கேட்டார். இப்போது மாற்றினால் தாண்டிய அத்தனை பேருக்கும் சிவப்பு விழும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார்.

"தலைவரே, அவர் சரியா போட்டிருக்காரு. தப்பு என்னோடது."

"உங்க வயசு என்ன, ஹேரன்?"

"முப்பத்தெட்டு." நாக்கைக் கடித்துக்கொண்டேன். "முப்பத்தேழு."

"பாத்தீங்களா. அந்த ஆளும் கொஞ்ச நேரத்துல பழக்கத்துக்கு வந்துடுவாரு. சூப் ஆறுது, சாப்பிடுங்க."

தோ மன்ஷிக்குக்கு நான் ஒரு போன் போட்டிருக்கலாம். விடையைச் சொல்லக் கூடாது என்பது விதி. விதியை மீறும் தெம்பும் அன்று என்னிடம் இல்லை. சூப்பைக் குடித்தேன்.

4.

ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்தபோது அறுபத்திரண்டாவது முயற்சி பச்சையாக இருந்தது. கடைசி வரி இது:

# சரிங்க. உங்களுக்காக ஒரு வயசு கூட்டிக்கிட்டேன். கதவைத் திறங்க.

எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

5.

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: நான் விடையை 52 என்று திருத்துகிறேன். இயந்திரம் பார்ப்பது கடைசி முயற்சியை மட்டும். அதனால் அறுபத்தொரு முறை சரியாகப் போட்டவருக்கும் சிவப்பு விழுகிறது. சர்ட்டிஃபிகேட் போச்சு.

முடிவு ஆ: திருத்தாமல் விடுகிறேன். திங்கட்கிழமை வரும் அடுத்த அணியில் இன்னொரு பிடிவாதக்காரர் வாசலில் நிற்கிறார்.

முடிவு இ: பியோ மனம் மாறி வந்து, இரண்டையும் சரி என்று வைத்துவிடச் சொல்கிறார். மன்னிப்பு மட்டும் பாடப் பக்கத்தில் எங்கும் வரக் கூடாது, மேலிடத்தில் கேள்வி வரும் என்கிறார். யாருக்கும் நஷ்டமில்லை.

நடந்தது மூன்றாவதுதான். தோ மன்ஷிக் ஆறு மணிக்கு முன்பே பாடத்தை முடித்துவிட்டார். ஆனால் அந்த அறுபத்தொரு சிவப்பு அப்படியே இருக்கிறது. நீங்கள் சொன்னதுதான் சரி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. இயந்திரத்துக்கு இரண்டு சொல்தான் தெரியும், 'மன்னிக்கவும்' அதில் இல்லை.

வீட்டுக்குக் கிளம்புமுன், ஒளித்துவைத்த விடைக்கு மேலே ஒரு வரி சேர்த்தேன்.

# தோ மன்ஷிக்குக்கு வயது 52. தவறு என்னுடையது. ஹேரன்.

இதை இயந்திரம் படிக்காது. அவர் கண்ணிலும் படாது. நீங்கள் படித்துவிட்டீர்கள்.

அவர் எண் என்னிடம் இருக்கிறது. மூன்று வாரமாகக் கையில் வைத்துக்கொண்டு, போன் போடாமல் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். நூற்று இருபத்தோராம் பயிற்சி இதுதான். இதற்கு நான் எந்த விடையையும் ஒளித்துவைக்கவில்லை.

"தோ மன்ஷிக் ஐயாவா பேசறீங்க? நான்...

# மீதியை இங்கே எழுதவும்