பதினொரு நாடுகளுக்கு ஒரு நாற்காலி

1

இந்தக் கதை எனக்குப் பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் கன்னம் வீங்கிய ஒரு பெண்மணி. நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் பெரிய நிறுவனம் ஒன்றில் வேலையாம். வலியை மறப்பதற்காகப் பேசுகிறவர்கள் உண்டு. அவர் அந்த ரகம்.

"எங்க சபையில கை தூக்கி ஓட்டுப் போடுற வேலையெல்லாம் அநேகமா கிடையாது சார். தலைவர் ஒரு சுத்து பார்ப்பார். யாரும் வாயத் திறக்கலைன்னா எல்லாருக்கும் சம்மதம்னு எழுதிடுவாங்க."

மௌனம் சம்மதம் என்று நாம் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறோம். அதை வைத்து ஒரு நாட்டின் தலையெழுத்தையே எழுதலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: உலகப் பொருளாதார ஒழுங்கின் அதிகாரச் சமன்பாடுகள் யாவும் இன்று மறுபரிசீலனைக்கு உட்—

கொட்டாவி வந்துவிட்டது. எனக்கே. வரியை அழிக்காமல் விட்டிருக்கிறேன், நீங்களும் ஒன்று விட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆரம்பம்: அவள் லிஃப்டில் ஏறினாள்.

இது தேவலை. (காத்திருப்பு அறையில் 'அவர்'. கதைக்குள் வந்ததும் 'அவள்'. உரிமை எடுத்துக்கொண்டுவிட்டேன்.)

அலுவலகத்தில் அவளுக்குப் 'பன்னிரண்டாம் ஆள்' என்று பட்டப்பெயர். அவளுடைய நாட்டையும் சேர்த்துப் பதினொரு சின்ன நாடுகளுக்கு ஒரே நாற்காலி.* அதில் உட்காரும் இயக்குநருக்கு முடியாதபோது மட்டும் இவள் உட்காருவாள். இன்று இயக்குநருக்கு மூட்டு அறுவை சிகிச்சை.

* நிறையப் பணம் போட்ட நாட்டுக்குத் தனி நாற்காலி. கொஞ்சம் போட்டவர்கள் ஒன்றிலேயே இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். இன்னொரு நாற்காலி கொடுங்கள் என்று இந்தப் பதினொன்றும் கேட்டுக் கேட்டு நாக்குத் தேய்ந்துவிட்டது.

3

காபி இயந்திரத்தின் பக்கத்தில் பெரிய நாடு ஒன்றின் நாற்காலிக்காரர் அவளை நிறுத்தினார். முதல் பிரதியில் இவருக்குத் தங்கப் பேனாவும் வில்லன் சிரிப்பும் கொடுத்திருந்தேன். பிறகு பிடுங்கிக்கொண்டேன். அவளுடைய அம்மா இறந்தபோது விமான டிக்கெட்டுக்கு அலைந்து வாங்கிக் கொடுத்தவர் இவர்தான்.

"மூணாவது விஷயம் உங்க நாட்டுக் கடன். அதுல நீங்க பேசாம இருங்க. அடுத்த கூட்டத்துல உங்க ரெண்டாவது நாற்காலி வருது. அதுல நாங்க பேசாம இருக்கோம்."

"அந்த நிபந்தனை சார்... ரெண்டு வருஷத்துக்கு அரசாங்கத்துல புது ஆளே எடுக்கக் கூடாதாம்."

"எனக்குத் தெரியாதா? ஆனா நீங்க மறுத்துப் பேசினா கடன் திருத்தத்துக்குப் போயிடும், எங்க மேலிடம் கோவிச்சுக்கும், நாற்காலி போச்சு. நாற்காலி வந்துட்டா அப்புறம் வாய் வலிக்கப் பேசலாமே!"

அயோக்கியத்தனமாகப் பேசியிருந்தால் சுலபமாகப் போயிருக்கும். மனுஷன் அக்கறையாகப் பேசினார். பேசும் உரிமை வேண்டுமென்றால் இன்றைக்குப் பேசக்கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

4

இங்கே ஒரு தங்கை தேவைப்பட்டாள். (பெண்மணி தங்கை யாரையும் சொல்லவில்லை. என் இட்டுக்கட்டல். ஆனால் அந்த நிபந்தனை எங்கேயோ ஒருத்தி தலையில் விடியத்தானே செய்யும்?)

தங்கை அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நர்ஸ். மூன்று பேர் பார்க்க வேண்டிய வார்டை ஒற்றை ஆளாகப் பார்க்கிறாள். கூட்டத்துக்குச் சற்று முன்னால் அக்கா ஃபோன் செய்தாள்.

"நேத்து ஒரே நேரத்துல ரெண்டு பிரசவம்க்கா. நான் ஒருத்திகிட்ட நின்னேன். இன்னொருத்தி சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு தானே பெத்துக்கிட்டா."

"குழந்தை?"

"நல்லா இருக்கு. இந்தத் தடவை."

அக்கா நாற்காலி விவகாரத்தைச் சொன்னாள். தங்கை கேட்டுக்கொண்டாள்.

"மத்த பத்து நாட்டுலயும் பிரசவ வார்டு இருக்கும்ல? நாற்காலி வந்தா அவங்களுக்கும் பேச ஆள் கிடைக்கும். எனக்காகப் பேசுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பேசாம இருந்துட்டேன்னா அதை நீயே எனக்குச் சொல்லிடு. பேப்பர்ல படிக்க வைக்காத."

சத்தியமாக இந்த வரி என் யோசனை இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது அவளாகச் சொல்லிவிட்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இட்டுக்கட்டிய ஆளுக்காக எழுந்து போகலாமா என்று கேட்காதீர்கள்.

5

நீள்வட்ட மேஜை. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மைக், அதில் ஒரு பொத்தான். பேச வேண்டுமென்றால் அழுத்த வேண்டும், சிவப்பு விளக்கு எரியும். மூன்றாவது விஷயம் வந்துவிட்டது.

"யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டுத் தலைவர் ஒரு சுற்று பார்க்கத் தொடங்குகிறார்.

முதல் முடிவு: அழுத்துகிறாள். கடன் திருத்தத்துக்குப் போகிறது, நிபந்தனை தளர்கிறது, வார்டுக்கு இரண்டு நர்ஸ்கள் வருகிறார்கள். நாற்காலி வரவில்லை. மற்ற பத்து நாட்டு அதிகாரிகளும் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்களுடைய வார்டுகளுக்காகப் பேச ஆளில்லை.

இரண்டாவது முடிவு: அழுத்தவில்லை. நாற்காலி வருகிறது. அவள் தங்கைக்கு ஃபோன் செய்கிறாள். தங்கை "சரிக்கா" என்கிறாள். அதற்கு அடுத்த வரியை என்னால் எழுத முடியவில்லை.

மூன்றாவது முடிவு: அவள் எழுந்து முழங்க, சபையே கண்கலங்கி, கடனும் தளர்ந்து நாற்காலியும் கிடை— போதும். யார் காதில் பூச்சுற்றுகிறேன்?

6

நிஜத்தில் என்ன நடந்தது? எனக்கும் தெரியாது. "நீங்க பேசினீங்களா?" என்று நான் கேட்ட நொடியில் வைத்தியர் பெண்மணியை உள்ளே கூப்பிட்டுவிட்டார். திரும்பி வந்தபோது வாய் நிறையப் பஞ்சு. மறுபடி கேட்டேன். பஞ்சைச் சுட்டிக்காட்டிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார்.

தலைவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவளுடைய விரல் பொத்தானின் மேலேயே இருக்கிறது. அவளை அதிக நேரம் அப்படி வைத்திருக்க எனக்கு மனசு வரவில்லை.

கை தூக்கச் சொல்லி உங்களைக் கேட்க மாட்டேன். நானும் ஒரு சுற்று பார்க்கிறேன், அவ்வளவுதான். ஏதாவது சொல்ல வேண்டுமா?

நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் இரண்டாவது முடிவை உங்கள் சம்மதத்தோடு என்று எழுதிக்கொள்வேன். தங்கைக்கு மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள். பேப்பரில் படிக்க வைக்காதீர்கள்.