கல்லீரல் பிரிவின் கடைக்குட்டி

கல்லீரல் பிரிவின் காத்திருப்புக் கூடத்துக்குள் அக்காக்காரி நுழைந்ததும், அவளைப்போலவே அங்கே மாத்திரைக்கு வரும் லாரி டிரைவர் குரல் கொடுத்தார். "வாம்மா கடைக்குட்டி! இன்னும் உனக்குப் பின்னாடி ஒரு ஆளும் வந்து சேரல."

வீட்டில் அவள் மூத்தவள். இங்கேயோ பல வருஷமாக அவள்தான் கடைசி. பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து இந்தக் கூட்டத்துக்கு வாரிசு இல்லாமல் போய்விட்டது. இருக்கிறவர்களின் நரையைச் சேர்த்துத் திரித்தால் கிணற்றில் வாளி இறக்கலாம். சின்ன வயசுக்காரர் யாராவது கதவைத் திறந்தால் அவளுக்கு நெஞ்சு குளிரும். போன தடவை ஒருத்தி வந்தாள். இவள் நகர்ந்து உட்கார்ந்து இடம்கூடக் கொடுத்தாள். வந்தவள் பிரிண்டரைப் பழுது பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

இன்று இவளுடைய குழந்தையைத் தூக்கிக்கொண்டு தங்கையும் கூட வந்திருந்தாள். தங்கைமேல் இவளுக்கிருந்த பொறாமை சாமானியமானதல்ல. அதை நினைத்துப் பெருமூச்சு விட்டால், மின்சாரம் போன நாளிலும் சுவர்க் காலண்டர் மூன்று மாதம் புரளும். ஒரே அம்மா, ஒரே வயிறு, அம்மா ரத்தத்தில் அதே கிருமி. இவள் பிறந்தபோது ஊசி வந்திருக்கவில்லை. தங்கை பிறப்பதற்குள் வந்துவிட்டது. பிறந்த அன்றே தொடையில் ஒரு குத்து, அவளுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. இவளுக்கோ தினம் ஒரு மாத்திரை.

"கொஞ்சம் பொறுத்துப் பொறந்திருக்கலாம்லக்கா? உனக்கு எதுலயும் அவசரம்" என்று தங்கை ஒருமுறை கேலி செய்தாள். அதன் பிறகு ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

இவள் குழந்தைக்கும் பிறந்த அன்றே ஊசி போட்டாயிற்று. ஆனாலும் அதையும் மீறிச் சிலருக்கு ஒட்டிவிடும் என்று டாக்டர் சொல்லி வைத்திருந்தார். ஒட்டியதா இல்லையா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "அட, புது உறுப்பினரா?"

"வாயக் கழுவுங்கண்ணே!" என்று அவள் சீறினாள். சின்னதாக ஒரு ஆள் வரட்டும், வரட்டும் என்று இந்தக் கதவைப் பார்த்து எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! வேண்டுதல்களைக் கேட்கிற ஆள் காது மந்தமாக இருந்தால் தேவலை என்று இருந்தது.

டாக்டர் கூப்பிட்டார். "குழந்தைக்குக் கிருமி இல்லம்மா. எதிர்ப்புச் சக்தியும் நல்லா இருக்கு."

"நம்ம கட்சிடி நீ!" தங்கை குழந்தையைத் தூக்கிச் சுற்றினாள்.

அக்கா அழுதாள். அழுகை பாதி வந்திருக்கும்போதே அடியிலிருந்து அந்தப் பழைய எரிச்சல் தலைதூக்கியது. இந்தத் தடவை பெற்ற பிள்ளைமேலேயே. என் வயிற்றுக்குள் சும்மா படுத்துக் கிடந்துவிட்டு, எனக்குக் கிடைக்காததை வெளியே வந்த அன்றே வாங்கிக்கொண்டதே!

"ஏங்க்கா மூஞ்சி இப்படிப் போகுது?"

"நீங்க ரெண்டு பேரும் ஒரு பக்கம். போங்கடி."

தங்கை குழந்தையை அவள் மடியில் வைத்தாள். அது அவள் விரலைப் பிடித்து, புதிதாய் முளைத்த இரண்டு பல்லால் கடித்தது. பல் முளைத்த நாளிலிருந்தே, எங்கே தன் ரத்தம் பட்டுக் கிருமி ஒட்டிவிடுமோ என்று விரலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். இப்போதும் இழுத்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"குடுத்துவச்சவடி நீ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி, விரலை மறுபடி நீட்டினாள். குழந்தை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நன்றாக அழுத்திக் கடித்தது.